பல்பும் பட்டனும் நேராகப் பேசிக்கொள்ளும் வீடு: ஒன்றரை வருட ஜிக்பீ அனுபவம்

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில் ஜிக்பீ (வைஃபை இல்லாமல் சாமான்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஒரு ரேடியோ முறை) விளக்கு, சென்சார், பட்டன் எல்லாம் மாட்டி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது. முந்தின வருட ஆவணியில் ஆரம்பித்தேன், இரண்டு ஐப்பசி கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டது, கரண்ட் போய் வந்ததற்குக் கணக்கே இல்லை. பெட்டியைப் பிரித்த வாரமே எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், மூன்றாவது மாதம் எழுதியிருந்தால் இரண்டுகூடத் தந்திருக்க மாட்டேன். இந்தச் சாமான்கள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பழகுகின்றன என்று தெரிய அவ்வளவு நாள் பிடிக்கிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முழுதாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், நீளமாகத்தான் இருக்கும்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அதன் அமைப்பில் இருந்துதான் வந்தது. பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் அடுப்படி, அதற்கும் பின்னால் கொல்லை, கொல்லையில் கிணறும் குளியலறையும். அகலம் இருபது அடிதான், ஆனால் வாசலில் இருந்து கொல்லைக் கதவு வரை தொண்ணூறு அடிக்குக் குறையாது. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ரேழியில் இருக்கும் வைஃபை ரவுட்டர் கூடத்தைத் தாண்டினாலே திணறும். அம்மாவுக்கு எழுபத்தொன்று வயது, ராத்திரி இரண்டு முறையாவது எழுந்து கொல்லைப்பக்கம் போகவேண்டும், அதற்கு முற்றத்தை ஒட்டித் தாழ்வாரம் வழியாக நடக்கவேண்டும், சுவிட்சு போர்டோ தாழ்வாரத்தின் மறுகோடியில்.

முதலில் வாங்கியது வைஃபை பல்புகளும் வைஃபை மோஷன் சென்சாரும். கம்பெனி பெயர் வேண்டாம். சென்சாருக்கும் பல்புக்கும் இடையே பத்தடி தூரம்தான், ஆனால் ஆள் நடமாட்டத்தைச் சென்சார் பார்த்தால் அந்தச் செய்தி ஏதோ ஒரு வெளிநாட்டு சர்வருக்குப் போய், அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்து, அதற்குப் பிறகுதான் விளக்கு எரியும். நன்றாக இருக்கும் நாளில் இது ஒரு விநாடிக்குள் நடந்துவிடும். தெருவில் சாக்கடை வேலைக்குத் தோண்டும்போது ஃபைபர் கேபிள் அறுந்த ராத்திரி அது நடக்கவில்லை. இருட்டில் அம்மா முற்றத்து விளிம்பில் காலை வைத்து, கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் போனில் என்னிடம், "ஏண்டா, கரண்ட் இருக்கு, லைட்டு நல்லாத்தான் இருக்கு, அப்புறம் ஏன் எரியல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் என்னிடம் இல்லை. ஒரே தாழ்வாரத்தில் இருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று அறியாமல் இருந்தன, அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு தேடித் தேடி வந்து சேர்ந்ததுதான் இப்போது இருக்கும் ஏற்பாடு. ஒரு ராஸ்பெரி பை 4 (கையடக்கக் கணினி, இனிமேல் சுருக்கமாகப் பை), அதில் வீட்டுச் சாமான்களை நடத்தும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருள், யூஎஸ்பியில் செருகி வலையைத் தொடங்கி வைக்கும் ஒரு ஜிக்பீ டாங்கிள், 9 பல்பு, 4 பிளக், 5 மோஷன் சென்சார், 3 பட்டன், 2 கதவு சென்சார். எல்லாம் சேர்ந்து 34,000 ரூபாய் சுற்றி ஆயிற்று. பல்பு ஒன்று 900, பிளக் 1,500 என்ற கணக்கில். ஒரே கம்பெனிச் சாமான் கிடையாது, நான்கைந்து கம்பெனிகள் கலந்து இருக்கின்றன, ஜிக்பீ 3.0 என்று போட்டிருந்தால் போதும் என்று பார்த்து வாங்கியது. இது வைஃபையைத் தொடவே தொடாது, தனக்கென்று ஒரு ரேடியோ வலை போட்டுக்கொள்ளும்.

அந்த வலை எப்படி அமைகிறது என்பது எனக்கு இப்போதும் பார்க்கப் பார்க்கச் சலிக்காத விஷயம். கரண்டில் ஓடும் பல்பும் பிளக்கும் ரவுட்டர்கள், அதாவது செய்தியை வாங்கி அடுத்தவருக்குக் கடத்துகிறவை. அவை 15 விநாடிக்கு ஒரு முறை "நான் இருக்கிறேன், இன்னின்னார் எனக்கு இவ்வளவு தெளிவாகக் கேட்கிறார்கள்" என்று அக்கம்பக்கத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும், கேட்டதை எல்லாம் ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் சென்சாரும் பட்டனும் பெரும்பாலும் தூங்கும். அவை ஒரு ரவுட்டரைத் தாயாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. பிள்ளைக்கு வரும் செய்தியைத் தாய் சில விநாடி கையில் வைத்திருக்கும், பிள்ளை கண் விழித்து "எனக்கு ஏதாவது வந்ததா?" என்று கேட்டால் கொடுக்கும். இது நான் கட்டிய உவமை என்று நினைத்துவிடாதீர்கள், அந்த ஸ்டாண்டர்டிலேயே பேரன்ட், சைல்டு, நெய்பர் என்றுதான் பெயர், தாயை இழந்த சாமானுக்கு ஆர்ஃபன் என்று பெயர். திண்ணையில் இருக்கும் கதவு சென்சாருக்குக் கொல்லை விளக்கு இருப்பதே தெரியாது, ஆனால் ரேழி பல்பு, கூடத்துப் பிளக், தாழ்வாரத்துப் பல்பு, அடுப்படிப் பல்பு என்று கைமாறிக் கைமாறிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றரை அடிச் சுவர் இதற்குப் பொருட்டே இல்லை, சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று ரவுட்டர் இருந்தால் சரி.

பொருள்களுக்கு இடையே உறவு என்ற யோசனை பழசுதான். 2001ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சின்னச் சின்ன ரேடியோ பொருள்களைச் செய்து, இரண்டைக் கையில் சேர்த்துப் பிடித்து ஒன்றாகக் குலுக்கினால் அவை நண்பர்கள் ஆகிவிடும் என்று காட்டினார்கள். இரண்டுக்கும் ஒரே குலுக்கல் பதிவாகும், அதை வைத்து "நாம் ஒரே கையில் இருந்தவர்கள்" என்று தெரிந்துகொள்ளும். பத்து வருடம் கழித்து இத்தாலியில் லூய்ஜி அட்சோரி, அன்டோனியோ இயேரா, ஜாகோமோ மொராபிடோ மூவரும் இதை ஒரு முழுக் கோட்பாடாகவே எழுதினார்கள். மனிதர்கள் பழகுவதுபோலப் பொருள்களும் தாமாக உறவு ஏற்படுத்திக்கொள்ளட்டும், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் வழியாகத் தகவல் தேடட்டும் என்பது அவர்கள் எண்ணம். ஐந்து வகை உறவு சொன்னார்கள். ஒரே கம்பெனியில் ஒரே காலத்தில் ஒன்றாகச் செய்யப்பட்டவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே இடத்தில் இருப்பவை அக்கம்பக்கத்தார், ஒரு வேலையைச் சேர்ந்து செய்பவை கூட்டாளிகள், ஒரே சொந்தக்காரர் வாங்கியவை ஒரு வீட்டார், அப்புறம் போகிற வருகிற வழியில் அடிக்கடி எதிர்ப்பட்டுப் பழகியவை. இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு கடையில் கிடைக்கும் சாமானைப் பார்த்தால் எது வந்துவிட்டது, எது இன்னும் வரவில்லை என்று தெளிவாகத் தெரியும்.

அக்கம்பக்க உறவு முழுதாக வந்துவிட்டது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் யாரைப் பிடித்தால் பாதை கிடைக்கும் என்று அதுகளே பார்த்துக்கொள்கின்றன. கூட்டாளி உறவு அப்படி வருவதில்லை. இந்தச் சென்சார் அந்தப் பல்புக்கு என்பதை நாம்தான் உட்கார்ந்து சம்பந்தம் பேசி முடிக்கவேண்டும். ஜிக்பீயில் அதற்குப் பைண்டிங் என்று பெயர், பாதிப் பேர் இதைச் செய்வதே இல்லை. எல்லாவற்றையும் ஹோம் அசிஸ்டென்ட்டில் ஆட்டோமேஷனாக எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் சென்சார் பையிடம் சொல்லி, பை பல்புக்கு உத்தரவு போடும். வெளிநாட்டு சர்வருக்குப் பதில் வீட்டுக்குள் ஒரு சர்வர். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் பையின் மெமரி கார்டு கெட்டுப்போனால் அம்மா மறுபடி இருட்டில் நிற்கவேண்டும். பைண்டிங் செய்துவிட்டால் சென்சாரின் கட்டளை நடுவில் யாரையும் கேட்காமல் பல்புக்கே போகும்.

இதில் வாங்கும்போதே கவனிக்கவேண்டிய ஒரு விஷயம் உண்டு, நான் இரண்டு சென்சாரைத் தவறாக வாங்கிய பிறகுதான் தெரிந்தது. மோஷன் சென்சாரில் இரண்டு ரகம். ஒன்று "இங்கே ஆள் நடமாட்டம்" என்று தலைமைக்கு அறிக்கை மட்டும் கொடுக்கும். பல்புக்கு அந்த அறிக்கை புரியாது, அதனால் பைண்ட் செய்தும் பயன் இல்லை. இன்னொரு ரகம் தானே "எரி, 180 விநாடி கழித்து நீயே அணைந்துகொள்" என்று கட்டளையாகவே அனுப்பும், மூன்று நிமிடத்தை எண்ணும் வேலையைப் பல்பே பார்த்துக்கொள்ளும். தாழ்வாரத்துக்கு இந்த இரண்டாவது ரகம்தான் வேண்டும். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஜிக்பீ2எம்க்யூடிடி (பல கம்பெனி ஜிக்பீ சாமான்களைக் கணினியோடு இணைக்கும் மென்பொருள்) வலைத்தளத்தில் அந்த மாடலின் பக்கத்தைத் திறந்து, பைண்டிங் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பைண்டிங் செய்வது கொஞ்சம் பொறுமை கேட்கும் வேலை. சென்சார் தூங்கிக்கொண்டிருப்பதால் மடிக்கணினியில் பைண்ட் என்று அழுத்தும் அதே நேரத்தில் சென்சாரின் பின்பக்கப் பட்டனையும் அமுக்கி அதை எழுப்பவேண்டும், ஒரு விநாடி தவறினால் தோல்வி என்று வரும், மறுபடி ஆரம்பிக்கவேண்டும். தாழ்வாரத்து மூன்று பல்புகளையும் ஒரு குரூப்பாகச் சேர்த்து, அந்தக் குரூப்போடு சென்சாரைப் பைண்ட் செய்தேன். அன்றைக்கு ராத்திரி பதினொரு மணிக்கு முதலில் ரேழியில் ஃபைபர் பெட்டியை அணைத்தேன். தாழ்வாரத்தில் நடந்தால் விளக்கு எரிந்தது. அப்புறம் ராஸ்பெரி பையை அணைத்து டாங்கிளையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவை நடக்கச் சொன்னேன். கூடத்து வாசற்படியைத் தாண்டி அவர் வலது காலை வைப்பதற்குள் மூன்று பல்பும் எரிந்துவிட்டன. வலையின் தலையே என் உள்ளங்கையில் கிடக்கிறது, அங்கே ஒரு சென்சாரும் மூன்று பல்பும் தங்களுக்குள் பேசி வேலையை முடித்துவிட்டன. அம்மா திரும்பி, "இதுக்குத்தான் இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார். எனக்கு அன்றைக்குத் தூக்கம் வர நேரமாயிற்று, அவ்வளவு சந்தோஷம்.

நேர் உறவில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நிபந்தனை வைக்க முடியாது. பத்து மணிக்கு மேல் மங்கலாக எரி, விருந்தாளி இருந்தால் எரியாதே என்பதெல்லாம் பை இருந்தால்தான் நடக்கும். அதனால் அவசியமான வெளிச்சத்துக்குப் பைண்டிங், வசதிக்காகச் செய்வதற்கு ஆட்டோமேஷன் என்று பிரித்துக்கொண்டேன். பகலில் விளக்கு எரியாமல் இருக்க வெளிச்சம் பார்க்கும் கண் சென்சாரிலேயே இருக்கிறது, அது தனியாக வேலை செய்கிறது.

இப்போது மூன்றாவது மாதத்துக்கு வருகிறேன்.

நம் ஊர் வீடுகளில் இந்த வலை உடைவதற்கு முதல் காரணம் சுவரில் இருக்கும் சுவிட்சுதான். பல்பு ரவுட்டர் என்று சொன்னேன் இல்லையா, படுக்கப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பது அம்மாவின் நாற்பது வருடப் பழக்கம், நல்ல பழக்கமும்கூட. அடுப்படி சுவிட்சை அணைத்த நிமிடமே அடுப்படிப் பல்பு செத்துப்போகும், அதை நம்பியிருந்த கொல்லைச் சென்சார் அநாதை ஆகிவிடும். சுவிட்சுக்குப் பின்னால் ஒரு ரிலே மாடியூல் (ரேடியோ உத்தரவில் விளக்கைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) வைத்துவிட்டால், சுவிட்சை அணைத்தாலும் ரேடியோவுக்குக் கரண்ட் இருக்கும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அவர் மரப்பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பெட்டிக்கு நியூட்ரலே வரலையே, பேஸ் மட்டும்தான் வந்து போவுது" என்றார். நியூட்ரல் என்பது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, பழைய ஒயரிங்கில் அது பெரும்பாலும் சுவிட்சு பெட்டிக்கு வராது. நியூட்ரல் இல்லாமல் ஓடும் மாடியூல் கிடைக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலானவை ரவுட்டராக வேலை செய்வதில்லை, வெறும் பிள்ளையாகத்தான் சேரும், பாதைக்கு உதவாது. கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். கடைசியில் அந்த அண்ணன் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. விளக்குப் பல்பை ரவுட்டராக நம்பவேண்டாம், வீட்டில் இன்வெர்ட்டர் லைன் எங்கெங்கே போகிறதோ அங்கே உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் போட்டு, ஜிக்பீ பிளக்கைச் செருகி விட்டுவிடலாம் என்றார். ரேழி, கூடம், தாழ்வாரம், அடுப்படி என்று நான்கு இடம். யாரும் கை வைக்காத உயரம், கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் தாங்கும். வலைக்கு முதுகெலும்பு வந்தது அன்றைக்குத்தான். தாழ்வாரத்து மூன்று பல்பையும் இன்வெர்ட்டர் லைனுக்கே மாற்றி, சுவிட்சை மூடி வைத்துவிட்டார்.

கரண்ட் போய் வருவதில் இன்னும் இரண்டு தொல்லை. ஒன்று, பல்புகள் கம்பெனியில் இருந்து வரும்போது கரண்ட் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரியும்படி வைத்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தால் வீடே பளீர் என்று எரியும். இதை மாற்ற ஒவ்வொரு பல்பிலும் ஒரு அமைப்பு உண்டு, "முன்பு இருந்த நிலை" என்று வைத்துவிட்டால் சரியாகிவிடும். வாங்கிய அன்றே செய்துவிடுங்கள். இரண்டாவது தொல்லை பெரியது. சில பல்புகளில் ஐந்தாறு முறை வேகமாக அணைத்துப் போட்டால் அது தன் நினைவை அழித்துக்கொள்ளும், புதிதாகச் சேர்ப்பதற்கு வைத்த வழி அது. ஐப்பசி மாதம் காற்றும் மழையும் அடிக்கும்போது நம் ஊரில் கரண்ட் எப்படி வரும் போகும் என்று தெரியும்தானே. ஒரு சாயங்காலத்தில் திண்ணைப் பல்பும் கூடத்துப் பல்பும் எல்லாவற்றையும் மறந்துவிட்டன. அம்மா போன் செய்து, "வாசல் லைட்டு தானா மினுக்கி மினுக்கி நின்னுடுச்சு" என்றார். நான் சென்னையில் இருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை, அடுத்த முறை ஊருக்குப் போய்த்தான் மறுபடி சேர்த்தேன். இப்போது அந்த ரகப் பல்பை எல்லாம் கழற்றிவிட்டு, தனிப் பட்டனாலோ ரிமோட்டாலோ மட்டும் நினைவு அழியும் ரகத்தைப் போட்டிருக்கிறேன். வாங்குவதற்கு முன் ரீசெட் செய்யும் முறை என்ன என்று கேளுங்கள், இதைவிட முக்கியமான கேள்வி நம் ஊருக்கு இல்லை.

அப்புறம் பீரோ கதை. முதல் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கூடத்தில் இருந்த இரும்புப் பீரோவைத் தாழ்வாரத்துச் சுவரோரமாக நகர்த்தியிருக்கிறார்கள். ஜிக்பீ2எம்க்யூடிடியில் வலையின் படத்தைப் பார்க்கும் வசதி இருக்கிறது, யார் யாரோடு எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள் என்று கோடு கோடாகக் காட்டும், பக்கத்தில் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பெண். சென்னையில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்த்தால் கூடத்துப் பிளக்குக்கும் தாழ்வாரத்துப் பிளக்குக்கும் இடையே 180 என்று இருந்த மதிப்பெண் 40க்கு வந்திருக்கிறது, ஆனால் அடுப்படிப் பிளக் புதிதாகக் கூடத்தோடு ஒரு கோடு போட்டுக்கொண்டு செய்தியைச் சுற்றி அனுப்புகிறது. அம்மாவுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு கதவு சென்சார் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டது. அந்த ரகம் முதலில் பிடித்த தாயை விடாது, சத்தம் எட்டாமல் போனாலும் வேறு தாயைத் தேடாமல் அதையே நினைத்துக்கொண்டு கிடக்கும். பெரும்பாலான சென்சார்கள் தாயை மாற்றிக்கொள்ளும், சில கம்பெனிகளுடையவை மட்டும் இப்படி. நேரில் போய்ப் பட்டனை அமுக்கி மறுபடி சேர்த்த பிறகுதான் உயிர் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்தால் அந்த ரகத்தை வாங்கலாம், விலை குறைவுதான். தூரத்தில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு வாங்கவேண்டாம்.

வைஃபையோடு தகராறு வராமல் இருக்க இரண்டு வார்த்தை. ஜிக்பீ ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைஃபையும் ஓடுகிறது, ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல்கள். வைஃபையை அதன் 1வது சேனலில் வைத்தால் ஜிக்பீயை 25ல் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை ஒன்று மிதிக்காது. டாங்கிளை நேராகக் கணினியின் யூஎஸ்பி 3 துளையில் செருகாதீர்கள், அந்தத் துளையில் இருந்தே இரைச்சல் வரும், ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வையுங்கள். நூறு ரூபாய் வயர் தீர்த்து வைத்த பிரச்சினைக்கு நான் இரண்டு வாரம் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

உறவு என்று வந்துவிட்டால் நம்பிக்கை பற்றியும் பேசவேண்டும். புதிய சாமான் சேரும்போது வலையின் சாவி அதற்குக் கொடுக்கப்படுகிறது, அந்தச் சாவியைப் பூட்டி அனுப்பப் பயன்படும் பொதுச் சாவி உலகத்துக்கே தெரிந்த ஒன்று. அதனால் சேர்க்கும் வாசலை வேலை முடிந்தவுடன் மூடிவிடவேண்டும், திறந்து போட்டுவிட்டுப் போகக்கூடாது. முடிந்தால் இன்ஸ்டால் கோடு (ஒவ்வொரு சாமானுக்கும் தனியாக அச்சிட்டு வரும் ரகசியக் குறியீடு) உள்ள சாமானாக வாங்கி, சேர்க்கும்போது அதைப் பயன்படுத்துங்கள். அக்கம்பக்கம் வழியாக நல்லது மட்டும் பரவுவதில்லை. 2016ல் இஸ்ரேலிலும் கனடாவிலும் இருந்த ஆராய்ச்சியாளர்கள், ஆர்எஸ்ஏ என்ற தகவல் பூட்டுமுறையைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவரான அடி ஷமீரும் அதில் இருந்தார், ஜிக்பீயில் ஓடும் பிலிப்ஸ் ஹியூ பல்புகளில் ஒன்றுக்குத் தொற்றினால் அடுத்த பல்புக்குத் தானாகப் பரவக்கூடிய ஒரு வழியைக் காட்டினார்கள், டிரோனில் கருவியை வைத்துப் பறந்தபடியே கட்டடத்து விளக்குகளைக் கைப்பற்றிக் காட்டினார்கள். முன்கூட்டியே தகவல் கொடுத்ததால் கம்பெனி அந்த ஓட்டையை அப்டேட்டில் அடைத்துவிட்டது. அதில் இருந்து நான் எடுத்துக்கொண்டது, அப்டேட் தராத கம்பெனியின் சாமானை வீட்டுக்குள் சேர்க்கக்கூடாது என்பது. இத்தனை பேர் வரிசையாகக் கைகோத்து நிற்கும் வீட்டில் ஒருவர் சீக்காளியாக இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து.

ஜிக்பீ பழசாகிவிட்டதே, எல்லாக் கம்பெனிச் சாமானுக்கும் பொதுவாக மேட்டர் என்ற புது முறை வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். மேட்டரின் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது, அதற்குக் கீழே ஓடும் த்ரெட் வலையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. ஜிக்பீயில் வலையை ஆரம்பித்து வைத்த கோஆர்டினேட்டர் ஒன்றுதான் தலை, அது கெட்டால் காப்புப் பிரதியில் இருந்து வேறொரு டாங்கிளை அதே இடத்தில் உட்கார வைக்கவேண்டும், அதுவரை புதிதாக யாரும் சேர முடியாது. த்ரெட்டில் ரவுட்டர்களே தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன, அது போய்விட்டால் இன்னொன்று பொறுப்பை எடுத்துக்கொள்ளும். 2017ல் வந்த புளூடூத் மெஷ்ஷில் (புளூடூத்திலேயே இப்படி வலை போடும் முறை) இன்னும் அழகு, தூங்கும் சாமானுக்காகச் செய்தியைச் சேர்த்து வைக்கும் பொருளுக்கு ஃப்ரெண்டு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் கட்டளையைத் தானே அனுப்பும் மோஷன் சென்சார், இந்த விலையில் பல்பு, பிளக், அத்தனைக்கும் மாடல் வாரியாக விவரம் எழுதி வைத்திருக்கும் ஆட்கள் என்று பார்த்தால் எனக்கு இப்போதும் ஜிக்பீதான் வசதி. புது வீடு கட்டுகிறவர்கள் சுவிட்சு பெட்டிக்கெல்லாம் நியூட்ரல் இழுத்து வைத்துவிட்டு எதை வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நான்கு. ஒரு மதிப்பெண்ணைப் பிடித்து வைப்பது பெட்டிகளுக்காக. எது ரவுட்டர், எது நேராகப் பேசும், கரண்ட் போய் வந்தால் என்ன செய்யும், தாயை மாற்றிக்கொள்ளுமா என்று ஒரு பெட்டியிலும் அச்சிடுவதில்லை, எத்தனை லட்சம் வண்ணம் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். எழுபது வயது அம்மாவுக்கு ராத்திரியில் ஒரே ஒரு வண்ணம் போதும், அது கேட்காமல் எரிந்தால் போதும்.

மீதி இருப்பது கொல்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கவேண்டும் என்று ஒரு தண்ணீர் சென்சார் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு எச்பி மோட்டாரை நேராக ஸ்மார்ட் பிளக்கில் மாட்டக்கூடாது, ஓடும்போது ஐந்தாறு ஆம்பியர்தான் என்றாலும் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சு) வைத்துத்தான் செய்யவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொட்டிக்கும் அடுப்படிப் பிளக்குக்கும் இடையே ஓடு, தென்னை, அதற்கு மேல் மழை. கிணற்றடியில் நனையாத இடமாகப் பார்த்து இன்னொரு ரவுட்டர் வைக்கவேண்டும். பங்குனியில் ஊருக்குப் போகும்போது அந்த அண்ணன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.